இதயத்தை ஆட்டுகிறவன் யார்?

(தஞ்சை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், அறுவடை முடிந்தபின் நடந்த கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு பெரியவர் துண்டுக் கடிதம் ஒன்று கொடுத்தனுப்பினார். "எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறீர்களே, மனிதன் தூங்கும்போதுங்கூட நெஞ்சு அடித்துக் கொண்டிருக்கிறதே, அதை ஆட்டுகிறவன் யார்? கடவுள் அல்லாமல் வேறு யார்?" என்பது அதில் கண்ட விஷயம். நல்ல கேள்விதான். கேட்டவரைப் பரிகாசம் செய்ய வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. ஆனால் அவர் கேள்வியை மட்டும் அனுப்பவில்லை. பதிலையும் அதன் வாலில் கட்டி அனுப்பிவிட்டார். தெரியாத இடம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கடவுளை நட்டுவைத்துவிட்டு, அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நமது நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியம். ஆகவே இன்று அந்த வாலை அறுத்து வைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்ளுவோம்.

நாம் வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. கிடைத்த புத்தகத்தைப் படித்தும், டாக்டர் தோழர்களை அவர்களுடைய சாப்பாட்டு நேரத்திலுங்கூடத் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்து கொண்டதையே சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. முடிந்ததையெல்லாம் இங்கேயே சோதித்துப் பாருங்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வலது கையின் சுட்டு விரலையும் நடு விரலையும் இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே உள்ள பள்ளத்தில் வையுங்கள். அழுத்த வேண்டாம். துடிக்கிறதா? அதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு 60 முதல் 100-க்குள் இருக்கும். 72 என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல்; கணக்காகச் சொன்னால் 1,03,680. அறுபது வயதுக்குள் 227 கோடி. ஏற்றம் இறைத்தவர்களுக்குத் தெரியும், ஆயிரம் சால் இறைத்தால் தோள் என்ன பாடு படும் என்பது. இது ஒரு நாள்கூட லீவு கேட்பதில்லை. பெரியவருக்கு ஆச்சரியம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு நம் பெரியோர் சொன்ன சமாதானங்கள் என்ன? இதயத்துக்குள் கட்டை விரல் அளவுக்கு ஆத்மா உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். பக்கத்துத் திருவாரூரில் தியாகராசர், திருமாலின் மார்பின்மேல் இருந்துகொண்டு அவர் மூச்சு ஏறி இறங்குகிறபடி ஆடினார் என்று சொல்லி, அதற்கு அஜபா நடனம் என்று பெயரும் வைத்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருநின்றவூரில், பூசலார் நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டினார் என்ற கதைக்கு வெளியில் ஒரு கோயில் கட்டி, இருதயாலீஸ்வரர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இதய நோய்க்காரர்கள் அங்கே போய் வேண்டிக் கொள்ளுகிறார்கள். கதை என்ற அளவில் நமக்கு அதில் சண்டை இல்லை. அதைக் கேட்டபின் இதயம் ஏன் துடிக்கிறது என்பது யாருக்காவது விளங்கியதா என்பதுதான் நமது கேள்வி.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆடுகிறது என்றால் வெளியில் ஒருவன் ஆட்டவேண்டும் என்பதுதான் பெரியவருடைய எண்ணம். ஊஞ்சலுக்கு அது சரி. இதயத்துக்குச் சரியா என்று பார்க்க வேண்டும். மீன் அரிகிற தாய்மார்களைக் கேட்கிறோம்: விரால் மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து அப்புறம் போட்டபிறகும், அதன் சின்ன இதயம் சட்டியில் கிடந்து துடிப்பதைப் பார்த்ததில்லையா? தவளையின் இதயத்தை வெட்டி எடுத்துத் தக்க உப்பு நீரில் போட்டால் மணிக்கணக்கில் துடிக்கும். மீனின் ஆத்மா மீனோடு இருக்கிறதா, சட்டியில் இருக்கிறதா?

வீட்டில் கோழி அடை வைக்கிறவர்கள் இன்னொன்று பார்க்கலாம். நாலாம் நாள் அல்லது ஐந்தாம் நாள் இருட்டு அறையில், கூமுட்டையா கருக்கூடியதா என்று பார்க்கிற மாதிரி, வெள்ளை ஓட்டு முட்டையைக் கைப்பேசி விளக்கின்மேல் பிடியுங்கள். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் விரிந்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி குதித்துக் கொண்டிருக்கும். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே முட்டையை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்து, துடிக்கும் இந்தப் புள்ளியைப் பற்றி எழுதி வைத்தார். கோழிக் குஞ்சுக்கு அப்போது கண் திறக்கவில்லை, இறகு இல்லை. இதயத்துக்கு நரம்பும் போய்ச் சேரவில்லை. மனிதக் கருவிலும் இதே சங்கதிதான். கருத்தரித்த 22ஆம் நாள் சுமாருக்கு இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது கரு ஒரு நொய் அரிசி அளவு. இதயம் என்பது நாலு அறையுள்ள பை அல்ல, வெறும் குழாய். பல தாய்மார்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அந்தத் தேதியில் தெரியாது. மூளையிலிருந்து நரம்பு வந்து அதைத் தொடுவதற்கு இன்னும் பல வாரம் இருக்கிறது. அப்படியானால் முதல் துடிப்பை யார் துடிக்க வைத்தது? அந்தத் தசையணுக்களேதான். அவைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். நடவு நடும் பெண்கள் பாட்டில் சேர்ந்து கொள்ளுகிற மாதிரி.

தானாகத் துடிக்கிறது என்றால் அதற்கும் ஒரு காரணம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். அது உப்பில் இருக்கிறது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் 1880-களில் தவளை இதயத்தை உப்பு நீரில் வைத்துச் சோதனை செய்தார். நன்றாகத் துடித்தது. பிறகு அதே உப்பைக் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்தார். இதயம் சோர்ந்து நின்றது. விசாரித்துப் பார்த்தால், முன்பு உதவியாளர் வடித்த தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே எடுத்து ஊற்றியிருந்தார் என்பது தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான், அதாவது கால்சியம்தான், இதயத்தைச் சுருங்க வைத்தது. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஏற்றிய பாட்டிலின்மேல் ரிங்கர் லாக்டேட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரிங்கர் இவர்தான். அந்த உதவியாளரின் தவறுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

இதயத்தில் எல்லா அணுவும் துடிக்கக்கூடியதென்றால் யார் சொல்லை யார் கேட்பது? அங்கேயும் ஒரு தொடக்க இடம் உண்டு. வலது மேலறையில், மேலேயிருந்து பெரிய ரத்தக் குழாய் வந்து சேரும் இடத்தில், இரண்டு நெல்மணியை நீளவாக்கில் வைத்த அளவுக்கு ஒரு சிறு தசைத் துண்டு. சைனோ ஏட்ரியல் கணு என்பது அதன் பெயர். 1907-ல் ஆர்தர் கீத் என்பவரும் மார்ட்டின் ஃபிளாக் என்ற மாணவரும் இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டில் இருந்துகொண்டு, மண்ணுக்குள் வளை தோண்டும் மோல் என்னும் அற்பப் பிராணியின் இதயத்தைச் சீவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில், சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இரண்டாவது கணுவைப் பற்றி எழுதியிருந்தார்.

இந்தக் கணு எப்படித் தானாகத் துடிப்பைக் கிளப்புகிறது? உங்கள் வயலையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பாத்திக்குள் வரப்பின் கீழே கசிந்து கசிந்து தண்ணீர் ஏறுகிறது. ஒரு மட்டம் வந்ததும் வரப்பு உடைத்துக் கொண்டு குபீரென்று பாய்கிறது. பாத்தி வடிந்ததும் வரப்பு அடைபட்டு, மறுபடியும் கசிவு தொடங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணுவின் அணுக்களில் நடப்பது ஏறக்குறைய இதுதான். சோடியம் என்னும் உப்புச் சத்து மெல்ல உள்ளே கசிகிறது; ஒரு மட்டம் வந்ததும் கால்சியம் பாய்கிறது, அதுவே துடிப்பு; பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது; திரும்பவும் கசிவு. இந்த உப்புகள் மின்சாரம் ஏறியவை. ஆகையால் அவை நகர்வதே ஒரு சிறு மின்னோட்டம். முதலில் கசிகிற ஓட்டம் மற்ற ஓட்டங்களைப்போல் நடந்து கொள்ளாததால், 1979-ல் அதை ஆராய்ந்தவர்கள் வேடிக்கை ஓட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அதைக் கொஞ்சம் தடுத்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகூடக் கடைக்கு வந்துவிட்டது. நம்மவர்கள் கண்டிருந்தால் ஆயிரத்தெட்டு நாமம் சூட்டி அர்ச்சனைச் சீட்டுப் போட்டிருப்பார்களே ஒழிய, மாத்திரை வந்திருக்காது.

கணுவில் கிளம்பிய மின்னோட்டம் மேலறைகளைச் சுருக்கிவிட்டுத் தவாரா கண்ட கணுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தயங்கி நிற்கிறது. மேலறை ரத்தம் கீழறைக்கு இறங்குவதற்கு அந்த அவகாசம். பிறகு கல்லணையில் காவிரி வேறு வெண்ணாறு வேறு என்று பிரிகிற மாதிரி இடமும் வலமும் பிரிந்து, கிளை வாய்க்கால் கண்ணி வாய்க்காலாகப் பரவி, கீழறைத் தசை முழுவதையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுருங்கச் செய்கிறது. அந்தச் சுருக்கந்தான் உங்கள் விரலில் வந்து இடித்தது.

சரி, தானாகத் துடிப்பதானால் ஓடும்போது ஏன் வேகம்? பாம்பைக் கண்டால் ஏன் படபடப்பு? இங்கேதான் நரம்புகள் வருகின்றன. அவை துடிப்பைத் தொடங்குவதில்லை. அதன் வேகத்தை மாற்றுகின்றன. மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதியிலிருந்து வேகஸ் என்னும் நரம்பு இறங்கிக் கணுவைப் பிடித்து இழுக்கிறது. பரிவு நரம்பும் அட்ரினலின் என்ற சுரப்பும் தார்க்குச்சி போட்டு விரட்டுகின்றன. கணுவைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 சுமாருக்கு ஓடும். நாம் சும்மா இருக்கும்போது 72 ஆக இருப்பது வேகஸ் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பதால்தான்.

நரம்பு எப்படிப் பிடிக்கிறது என்பதை 1921-ல் ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி காட்டினார். இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியே உப்பு நீரில் வைத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்புக் குறைந்தது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து நரம்பே இல்லாத மற்றொரு இதயத்தில் விட்டார், அதுவும் குறைந்தது. ஆகவே நரம்பு ஒரு சரக்கைச் சுரந்து அதனால்தான் கட்டுப்படுத்துகிறது என்பது நிச்சயமாயிற்று. அந்தச் சோதனை யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம்! நம் நாட்டில் கனவில் ஒன்று தோன்றினால் அந்த இடத்தில் உண்டியல் வைப்போம். அவரோ இரவு 3 மணிக்கு எழுந்து சோதனைச் சாலைக்குப் போனார். 1936-ல் நோபல் பரிசு பெற்றார்.

இது எங்கோ ஐரோப்பாவில் தவளைக்கு நடந்தது என்று எண்ண வேண்டாம். வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற தோழர்கள் கேளுங்கள். சில மருந்துகள் உடம்பில் ஏறினால், வேகஸ் சுரக்கிற அந்தச் சரக்கு அழியாமல் தேங்கிவிடும். வாயில் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், மூச்சு அடைக்கும், நாடி தளர்ந்து போகும். ஆஸ்பத்திரியில் அதற்குப் போடுகிற அட்ரோபின் ஊசி வேகஸின் பிடியைத் தளர்த்தி இதயத்தை எழுப்புகிறது. அந்த அட்ரோபின் ஊமத்தையிலும் இருக்கிறது. சிவனுக்குச் சாத்துகிற ஊமத்தைதான். அதற்காக யாரும் வீட்டில் ஊமத்தங்காயை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே விஷம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றடிக்கும் திசை பார்த்து மருந்து அடியுங்கள். தலைசுற்றினால் சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது சாமியார்களிடம் வருவோம். "இதயத்தையே நிறுத்திக் காட்டுகிறோம்" என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கேட்கிறவர்கள் கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள், நாடி இல்லை, உடனே காலில் விழுகிறார்கள். 1935-ல் தெரெஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் மின்வரைவுக் கருவியுடன் இந்தியா வந்து யோகிகளைச் சோதித்தார். ஒருவருடைய வரைகோடு ஏறக்குறையத் தட்டையாகிவிட்டதைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி என்ற இருவரும், டெல்லி அகில இந்திய மருத்துவ நிலையத்து ஆனந்த் அவர்களும் சேர்ந்து இன்னும் நல்ல கருவிகளைக் கொண்டு நாலு பேரைச் சோதித்து, 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். யோகி மூச்சைப் பிடித்து, தொண்டையை அடைத்து, வயிற்றையும் மார்பையும் இறுக்குகிறார். அந்த நெருக்கத்தில் ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை. மார்பில் குழல் வைத்தால் தசை இரைச்சலில் இதய ஒலி அமுங்கிப் போகிறது. ஆனால் மின்வரைவோ இதயம் விடாமல் துடிக்கிறது என்று எழுதிக் கொண்டே இருந்தது! ஒருவரும் நிறுத்தவில்லை. நாலாமவர் மட்டும் துடிப்பை நன்றாக மெதுவாக்கிக் காட்டினார். அதையும் தசையை இறுக்கி வேகஸ் வழியாகச் செய்திருக்க வேண்டும் என்றே கண்டார்கள்.

இதில் உள்ளதை உள்ளபடி ஒப்புக் கொள்ளுவோம். மூச்சைப் பழக்கினால் துடிப்பைக் கொஞ்சம் மாற்றலாம். இப்போதே பாருங்கள்: நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள், சற்று விரையும். மெதுவாக விடுங்கள், சற்று நிதானிக்கும். இளவயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்குக் காவியும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். யோகமும் செய்யாமல் நாடியை நிறுத்துகிற வித்தையும் உண்டு. அது அக்குளில் இருக்கிறது. ஒரு எலுமிச்சம் பழத்தையோ ரப்பர் பந்தையோ அக்குளில் வைத்துக் கையை உடம்போடு அழுத்தினால் கைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு நாடி நின்றுவிடும். கோவை போத்தனூரில் இருந்த பிரேமானந்த் அவர்கள் (1930-2009) ஊர் ஊராகப் போய் மேடையில் செய்து காட்டிய அற்புதங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் புரட்டுகளைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவது சாமியார்மேல் உள்ள கோபத்தினால் அல்ல. இதனால் உயிர் போகிறது. நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் ஒரு தோழர் களத்து மேட்டில் திடீர் திடீரென்று விழுந்து விழுந்து எழுந்தார். முகம் வெளுக்கும், அரை நிமிடத்தில் தெளியும். உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனார், முனி அடித்துவிட்டது என்றார்கள். உடுக்கை அடித்தார்கள், வேப்பிலை போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஏழரைச் சனி என்று ஜோசியர் ஒரு பரிகாரம் எழுதிக் கொடுத்தார். நாலு மாதம் போயிற்று; பசு மாடு ஒன்று விற்றுப் போயிற்று. யாரும் அந்த நாலு மாதத்தில் அவர் நாடியை எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அவர் மகள் எண்ணிப் பார்த்தாள்: நிமிடத்துக்கு 34! மேலறைக் கணு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நடுவில் வாய்க்கால் அடைபட்டிருந்தது. கீழறை வேறு வழியில்லாமல் தன் சொந்த மந்த கதியில் துடித்துக் கொண்டிருந்தது. சில சமயம் அதுவும் சில நொடி நின்றுவிடும், அப்போதுதான் விழுகிறார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து அன்றைக்கே கண்டுபிடித்தார்கள். தோள் எலும்பின் கீழே சிறு கருவி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அவர் இன்று வரப்பு வெட்டுகிறார்.

அந்தக் கருவியின் கதையைக் கேளுங்கள். ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு இதே வியாதி. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்தார். 1958 அக்டோபர் 8-ல், எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்து கொடுத்த கருவியை சென்னிங் என்ற டாக்டர் அவர் உடம்புக்குள் வைத்தார். பூட்ஸ் பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி! சில மணி நேரமே வேலை செய்து நின்றது. இன்னொன்று வைத்தார்கள். பிறகும் பழுதாகப் பழுதாக, இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக் கொண்டு அவர் 2001 டிசம்பர் வரை, 86 வயது வரை வாழ்ந்தார். கருவி செய்த எல்ம்க்விஸ்ட் 1996-லும், வைத்த சென்னிங் 2000-லும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். லார்சன் கடைசியில் இறந்தது இதயத்தினால் அல்ல, புற்றுநோயினால். காலனை உதைத்த இடம் என்று நம் பக்கத்தில் திருக்கடையூரைக் காட்டுகிறார்கள்; அறுபதாம் கலியாணம் செய்துகொள்ள வரிசையில் நிற்கிறார்கள். பாலிஷ் டப்பாவினால் 43 ஆண்டு உதைத்தவர்களுக்கு யார் கோயில் கட்டினார்கள்? 1958-ல் லார்சன் தலையில் பிரமன் எழுதியது என்ன, அதை அழித்தது யார் என்று விதியை நம்புகிறவர்கள் சொல்லட்டும்.

இன்னும் பெரிய சங்கதி ஒன்று உண்டு. இதய அறுவை செய்யும்போது பொட்டாசியம் கலந்த குளிர்ந்த நீரைச் செலுத்தி இதயத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் அது சும்மா கிடக்கிறது. ரத்தத்தைக் கருவி சுற்றவிடுகிறது. வேலை முடிந்ததும் ரத்தத்தைத் திரும்ப விட்டால் துடிக்கத் தொடங்குகிறது. சில சமயம் சிறு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருக்கும். 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பர்னார்டு அவர்கள் இறந்தவரின் இதயத்தை எடுத்து வேறொருவருக்கு வைத்தார். இந்தியாவில் 1994 ஆகஸ்டு 3-ல் டெல்லியில் வேணுகோபால் அவர்கள் செய்தார். நம் மாகாணம் முழுவதும் கண்ணீர் விட்டது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்து 15 வயது மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச் சாவு அடைந்தான். டாக்டர்களான பெற்றோர் உறுப்புகளைத் தர ஒப்புக் கொண்டார்கள். சென்னையில் போலீசார் தெருவை ஒதுக்கிக் கொடுக்க, இதயம் பெட்டியில் வைக்கப்பட்டு 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றின் மார்பில் துடித்தது. அந்தப் பெட்டிக்குள் ஆத்மா இருந்ததா? அது என்ன ஜாதி? வாங்கிக் கொண்ட குழந்தைக்குத் தீட்டுப்பட்டதா?

இப்படி மாற்றி வைத்த இதயத்துக்கு நரம்பெல்லாம் அறுந்து போயிருக்கும். இருந்தும் துடிக்கிறது. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கிறது; மூக்கணாங்கயிறு இல்லை அல்லவா? பெரியவருடைய கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி நமக்குக் கிடைக்கவில்லை. 2023 செப்டம்பரில், உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. பிணத்தோடு எல்லாவற்றையும் எரித்தால்தான் மோட்சம் என்கிறவர்கள் இதை வீட்டில் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, முன் வரிசையில் ஒரு தம்பி கேட்டார்: தானாகத் துடிக்கிறதென்றால், நின்றுபோனவனுக்கு ஏன் தானாகவே மறுபடி தொடங்குவதில்லை? தொடங்க வேண்டுமானால் இதயத் தசைக்கு ரத்தம் போக வேண்டும். ரத்தத்தை அனுப்புகிறதே இதயம்தான், அது நின்றுவிட்டது. சில நேரம் அது முழுக்க நிற்பதில்லை. அணுக்கள் ஆளுக்கொரு தாளத்தில் நடுங்கிக் கொண்டிருக்கும், ரத்தம் நகராது. சில நிமிடம் போனால் மூளை கெட்டுவிடும். ஆகவே ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால், கற்பூரம் தேட வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் அவரைக் கட்டாந்தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து மற்றதை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல், இரண்டு அங்குல ஆழம் அமுக்கி விடட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை ஓய்ந்தால் ஆள் மாறலாம். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது.

வைக்கோல் திணித்த சாக்கு மூட்டை இரண்டை மேடைக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அது மனித மார்பு அல்லதான். கையை எப்படி வைப்பது, எந்த வேகத்தில் அமுக்குவது என்பதைப் பழக அது போதும். தாய்மார்கள் முதலில் வரலாம்.